பூணுக்குள் இருந்த மரம்

அந்தக் கைத்தடியைப் பழைய துண்டொன்றில் சுற்றி நான் எடுத்துச் சென்றதற்குக் காரணம், அதை எல்லோருக்கும் கொஞ்சம் பெருமையாகக் காட்டலாம் என்ற ஆசைதான். இரண்டு முனைகளிலும் பித்தளைப் பூண் போட்ட, மூன்றடி நீளமுள்ள, கன்னங்கரேலென்ற தடி அது. கருங்காலி என்று சொல்லி விற்றதை 2,800 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். கருங்காலி மாலை அணியும் வழக்கம் ஊரெங்கும் பரவியிருக்கும் இந்நாட்களில், மணி கோக்கவே நல்ல மரம் அகப்படாதபோது நமக்கு மூன்றடித் தடியே கிடைத்துவிட்டதே என்று மகிழ்ந்தேனே தவிர, அது எப்படி இவ்வளவு எளிதாகக் கிடைத்தது என்று யோசிக்கவில்லை. கடையில் ஒரு சிறு துண்டை டம்ளர் நீரில் போட்டு, அது மூழ்குவதையும் காட்டினார்கள். அந்தத் துண்டு என் தடியிலிருந்து வெட்டியதுதானா என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.

நாங்கள் கூடிய இடம் காவேரிப்பட்டினத்துக்கு அருகில் ஒரு மாந்தோப்பு. தை மாதத்துக் கடைசிச் சனியும் ஞாயிறும், மரத் துண்டுகளைச் சேகரிப்பவர்களும் ஓய்வு நேரத்தில் தச்சு வேலை செய்பவர்களுமாக 23 பேர் வந்திருந்தோம். ஓசூரில் கணினி வேலை பார்க்கும் இளைஞர்கள் நால்வர், பாலக்கோட்டிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியர், தருமபுரியிலிருந்து கடைசல் வேலை செய்யும் ஓர் அக்கா, வேளாண் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், பர்கூர்ப் பக்கத்திலிருந்து எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆசாரி ஆகியோர் அவர்களில் அடக்கம். மற்றவர்கள் எல்லாம் பொழுதுபோக்குக்காக மரத்தைத் தொடுபவர்கள். அந்த ஆசாரி ஒருவர்தான் வண்டிச் சக்கரமும் ஏரும் நிலைக்கதவும் செய்தே குடும்பத்தை நடத்தியவர். தோப்புக்காரர் தம் பழைய பெங்களூரா மாமரங்களில் காய்ப்பு ஓய்ந்த மூன்றை முந்தின வாரம்தான் வெட்டியிருந்தார். இப்படி வெட்டிய மரங்கள் பெரும்பாலும் விறகுக்கும் பழப்பெட்டிக்கும் போய்விடும் என்பதால், அவற்றில் ஒன்றைப் பலகையாக அறுத்துப் பார்க்கலாம் என்றுதான் அவர் எங்களை அழைத்திருந்தார்.

முதல் நாள் காலை என் தடி கைமாறிக் கைமாறிச் சென்று கடைசியில் ஆசாரியிடம் வந்து நின்றது. அவர் அதைத் தூக்கிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, பூணைக் கழட்டிப் பாக்கலாங்களா?" என்று கேட்டார். நான் தயங்கியதை அவர் கவனித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. அரை மணி நேரம் கழித்து நானே போய்க் கழற்றச் சொன்னேன். பூணுக்குள் இருந்த முனையும் கறுப்பாகத்தான் இருந்தது. எனக்கு மூச்சு திரும்பி வந்தது. ஆனால் அவர் அந்த முனையை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல், அதிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நறுக்கென்று அறுத்தார். புது வெட்டுமுகத்தில், சுற்றிலும் ஒரு நெல்மணி நீள அளவுக்குக் கறுப்பு வளையமும் அதற்கு உள்ளே வெளிறிய பழுப்பு மரமும் இருந்தன. மரத்தின் நரம்பெல்லாம் நீளவாக்கில் ஓடும் குழாய்கள் என்பதால், சாயத்தில் ஊறவைக்கும்போது முனைகள்தாம் அதிகம் உறிஞ்சும். விற்பவர் நமக்குக் காட்டும் முனையே சாயம் ஆழமாக இறங்கிய இடமாக இருக்கும். அறுத்தெடுத்த துண்டை வாளி நீரில் போட்டபோது அது மிதந்தது, சற்று நேரத்தில் தண்ணீரும் மையாகக் கறுத்தது.

மூழ்கினாலும் அது கருங்காலி என்று சொல்லிவிட முடியாது என்பதை அதே வாளி காட்டியது. ஓவிய ஆசிரியர் தம் சேகரிப்பிலிருந்து ஓர் ஆச்சாமரத் துண்டைப் போட்டார். கல் போல அடியில் போய் உட்கார்ந்தது. நம் நாட்டு மரங்களில் மிகக் கனமானவற்றுள் ஆச்சாவும் ஒன்று. கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,080 கிலோ வரும். ஒகேனக்கல், அஞ்செட்டிப் பக்கத்து வறண்ட மலைக்காடுகளுக்கு உரிய மரம் அது. நாதசுரம் செய்வதும் ஆச்சாவில்தான்; பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டுகள் காய்ந்த உத்தரத்தைத்தான் நாதசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்காரர்கள் தேடி வாங்குவார்கள். வைரம் ஏறிய பழைய புளியின் கருத்த நடுப்பகுதிகூடச் சில நேரம் மூழ்கிவிடும் என்றார் ஆசாரி.

பெயரிலேயே ஒரு குழப்பமும் இருக்கிறது. சித்த மருத்துவர்கள் கருங்காலி என்று சொல்வது காசுக்கட்டி எடுக்கும் அக்கேசியா கட்டெச்சு. அதன் வைரம், அதாவது முற்றிய நடுமரம், செங்கபிலமாக இருக்குமே அன்றிக் கரியாக இருக்காது. தச்சர்கள் கருங்காலி என்று சொல்வது டயோஸ்பைரஸ் எபெனம் என்ற முற்றிலும் வேறு குடும்பத்து மரம். அதன் வைரம்தான் கன்னங்கரேலென்று இருக்கும். ஒருவர் முதலாவதை நினைத்துக் கேட்க, மற்றவர் இரண்டாவதைப் போல நிறமேற்றி விற்க, நடுவில் என்னைப் போன்றவர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸை வெட்டுமுகத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ளவே முடியாது. கட்டெச்சில் குழாய்களின் வாயான துளைகள் தெளிவாகத் தெரியும், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம் இருக்கும். எபெனத்தில் துளைகள் மிகச் சிறியவை, கறுப்புக்குள் தேடித்தான் பார்க்க வேண்டும்.

லென்ஸைப் பிடிப்பதைவிட வெட்டுமுகத்தைத் தயார் செய்வதுதான் கடினம் என்பது அன்று எனக்குப் புரிந்தது. ரம்பம் அறுத்த பரப்பு கிழிந்த துணியைப் போன்றது. அதில் எந்த லென்ஸாலும் எதையும் காண முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் துளைகளை அடைத்துவிடுகிறது. வெட்டுமுகத்தின் ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, ஒரு நிமிடம் விட்டு, புது சவர பிளேடால் சாய்வாக ஒரே இழுப்பில் தாள் போலச் சீவ வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டர் சுத்தமாகக் கிடைத்தாலே போதுமானது. நான் ஏழெட்டு முறை முயன்று, இரண்டு பிளேடை மழுக்கிய பிறகுதான் மாமரத்தின் துளைகளையும், அவற்றின் இருபுறமும் சிறகு விரித்தாற்போன்ற வெளிறிய திசுவையும் பார்த்தேன். தேக்கில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்பது அதைவிட எளிதாகத் தெரிந்தது. பெங்களூரு மல்லேசுவரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மர மாதிரிகளின் காப்பகம் இருக்கிறது. அங்கு போய் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர் முதலில் இந்தச் சீவலைப் பழகிக்கொள்வது நல்லது.

சேகரிப்புக்கு ஓர் அளவு வேண்டும் என்பதிலும் நான் அதுவரை அக்கறை காட்டியதில்லை. என் வீட்டு அட்டைப்பெட்டியில் உருண்டை, கட்டை, சில்லு என்று கிடந்தவை ஏறத்தாழ நாற்பது. அவற்றில் எது எங்கிருந்து வந்தது என்பது பாதிக்கு மேல் மறந்துவிட்டது. 1947இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பன்னாட்டு மரச் சேகரிப்பாளர் சங்கம் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், அரை அங்குலக் கனம் என்ற அளவை வழக்கமாக்கியிருக்கிறது. ஓவிய ஆசிரியரின் துண்டுகள் எல்லாம் அந்த அளவில், புத்தகம் அடுக்கினாற்போல ஒரு பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர், தாவரப் பெயர், மரம் நின்ற இடம், வெட்டிய மாதம், கொடுத்தவர் யார் என்பவை பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. ஒரு பாதியில் மட்டும் எண்ணெய் பூசி, மறுபாதியை வெறுமையாக விட்டிருந்தார். பூச்சுக்குப் பின் நிறம் எப்படி மாறும் என்பதை ஒரே துண்டில் பார்த்துக்கொள்ளலாம். இந்த அளவால் இன்னொரு வசதியும் உண்டு. அந்தத் துண்டின் கன அளவு ஏறத்தாழ 147 கன சென்டிமீட்டர். அவ்வளவு தண்ணீரின் எடை 147 கிராம். ஆகவே சமையலறைத் தராசில் 147க்கு மேல் காட்டும் துண்டு மூழ்கும், குறைவாகக் காட்டுவது மிதக்கும், வாளியே தேவையில்லை. அவருடைய ஆச்சா 161 கிராம் இருந்தது. காய்ந்த மாந்துண்டு 104 கிராம்.

மாமரத்தை அறுத்தது சனிக்கிழமை மதியம். ஆசாரிக்கும் வேளாண் துறைப் பெரியவருக்கும் நடந்த வாதத்தை நான் இப்போது நினைத்தாலும் ரசிக்கிறேன். தேய்பிறையில் வெட்டிய மரத்தில் வண்டு விழாது, இந்த மரத்தை வளர்பிறையில் வெட்டிவிட்டார்கள் என்பது ஆசாரியின் குறை. வண்டுக்கு வேண்டியது மாவுச்சத்து, அது இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி, நிலாவிடம் கேட்டு என்ன பயன் என்றார் பெரியவர். ஓசூர் இளைஞர் ஒருவர் முதலுதவிப் பெட்டியிலிருந்த பெட்டாடைனை எடுத்துப் புது வெட்டுமுகத்தின் குறுக்கே தடவினார். பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி கண் முன்னே நீலக்கறுப்பாக மாறியது. நடுவில் இருந்த கபில நிறப் பகுதியில் மருந்தின் நிறம் அப்படியே நின்றது. அயோடின் மாவுச்சத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தப் பழுப்பும் நீலமும் கலந்த கோட்டை ஆசாரி வெகு நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க, வண்டு திங்கற எடம் இதுதான். ஆனா தேய்பிறையில இது கம்மியா இருக்கும்" என்றார். நிலாவைப் பற்றி நான் தீர்ப்பு சொல்லத் துணிய மாட்டேன். வழிமுறையில் இருவரும் ஒன்றையே சொன்னார்கள்: வெட்டிய சில நாட்களுக்குள் பட்டையை உரித்துவிட வேண்டும், தாமதிக்காமல் அறுக்க வேண்டும், முடிந்தால் வெள்ளையை நீக்க வேண்டும், அல்லது சில வாரம் கிணற்றிலோ குட்டையிலோ ஊறப்போட வேண்டும். பலகை பச்சையாக இருக்கும்போதே போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் நனைத்தாலும் வண்டு அண்டாது. ஆனால் கரண்டி, கிண்ணம் போன்ற சாப்பாட்டுப் பொருளுக்கு அந்தப் பலகை ஆகாது.

என் சொந்தத் தோல்வி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற மாம்பலகை வாங்கி, பதினைந்து நாள் வெயிலில் சாய்த்து வைத்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று நம்பி, ஒரு சாப்பாட்டு மேசை செய்தேன். பலகையை அசைய முடியாதபடி சட்டத்தில் பசையும் திருகும் போட்டு இறுக்கினேன். சித்திரை வெயிலில் ஒரு நாள் நள்ளிரவில் பட்டாசு வெடித்தாற்போல ஒரு சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், மேசையின் நடுவே முனை முதல் முனை வரை விரல் நுழையும் பிளவு. மரத்துக்கு நாள்பட்ட ஏதோ நோய் இருந்திருக்கும் என்று வீட்டில் சமாளித்தேன்.

உண்மையான காரணத்தை இப்போது எளிதாகச் சொல்ல முடிகிறது. பச்சை மரத்தில் நீர் இரண்டு வகையாக இருக்கிறது. குழாய்களுக்குள் நிற்கும் நீர் போவதால் எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது, குழாய்ச் சுவரில் ஊறியிருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்குவது அப்போதுதான். நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல, வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். இரண்டும் சமமாக இல்லாததால்தான் பலகை கோணுகிறது, உருளை வெடிக்கிறது. என் மேசைப் பலகை சுருங்க இடம் கேட்டது. நான் திருகால் அதைத் தடுத்தேன். இப்போது மேற்பலகையைச் சட்டத்தில் பொருத்தும்போது திருகுத் துளையை வட்டமாகப் போடாமல் அகலவாக்கில் நீள்துளையாகப் போட்டு, பசையே இடாமல் விடுகிறேன்.

அன்று அறுத்த இரண்டு அங்குலப் பலகைகளின் வெட்டுமுகங்களில் உடனே உருக்கிய மெழுகைப் பூசினோம். நீர் நீளவாக்கில்தான் விரைந்து வெளியேறும் என்பதால் முனைகள் மட்டும் முதலில் காய்ந்து வெடித்துவிடும்; அதை அடைப்பதுதான் நோக்கம். எங்கள் பக்கத்தில் முனைக்குச் சாணி மெழுகுவார்கள், அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று ஆசாரி சொன்னார். பழைய பெயின்ட் இருந்தாலும் போதும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், வெயிலும் மழையும் படாமல் காற்று மட்டும் ஓடும் கொட்டகையில், இரண்டடிக்கு ஒன்றாக ஓர் அங்குலச் சட்டங்களை ஒன்றின்மேல் ஒன்று நேராக நிற்கும்படி இடையில் வைத்து அடுக்கினோம். சட்டங்கள் நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் பலகை அலை அலையாக வளைந்து காயும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பொதுக்கணக்கு. அதை நான் முழுக்க நம்பாமல் தராசை நம்பத் தொடங்கியிருக்கிறேன்: அதே மரத்திலிருந்து ஒரு சிறு துண்டை அடுக்குடனேயே வைத்து, வாரம் ஒரு முறை எடை போட்டுத் தேதியுடன் எழுதி வந்தால், எடை குறைவது நிற்கும்போது மரம் அந்த இடத்துக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

கடைசல் அக்கா இதற்கு நேர்மாறாக, பச்சை மரத்தையே விரும்புகிறவர். எட்டு அங்குல விட்டமுள்ள மாங்கிண்ணம் ஒன்றை அவர் ஈரத்தோடே கடைந்தபோது, சீவல் நீண்ட நாடாவாகப் பறந்து முன்வரிசையில் நின்றவர்களின் சட்டையில் தண்ணீர் தெறித்தது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம், அதாவது முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், சுவரில் விட்டு நிறுத்திவிட வேண்டும். சில மாதம் காய்ந்து, வட்டம் முட்டை வடிவாகக் கோணிய பிறகு, மீண்டும் லேத்தில் ஏற்றி இறுதி வடிவம் கொடுக்க வேண்டும். வேகத்துக்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுழற்சியையும் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையில் வர வேண்டும், ஆகவே இந்தக் கிண்ணத்துக்கு 750 முதல் 1,125 வரை. கட்டை கரடுமுரடாக இருக்கும்வரை அதற்கும் கீழேதான் ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, ராகிக் களியும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, கொட்டகைப் பக்கமிருந்து ஒரு கருகல் வாடை வந்தது. சமையல் அடுப்பு என்றுதான் முதலில் நினைத்தோம். காலையில் சிலர் ஆளிவிதை எண்ணெயைப் பனியன் வேஸ்ட்டால் பூசிவிட்டு, நனைந்த துணிகளை எல்லாம் உருட்டி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார்கள்; பெட்டிக்குப் பக்கத்தில் இழைப்புச் சீவல் குவிந்து கிடந்தது. தோப்புக்காரர் பெட்டிக்குள் கையை விட்டு, சுட்டதுபோல உடனே இழுத்துக்கொண்டார். துணி உருண்டையைக் கம்பால் பிரித்ததும் நடுவிலிருந்து வெண்புகை எழுந்தது. தீப்பெட்டியோ பீடியோ அருகில் இல்லை. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் உலர்கிறது. சேரும்போது சூடு பிறக்கிறது. விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும், உருட்டிய துணியில் உள்ளேயே சேர்ந்து தானாகப் பற்றிக்கொள்ளும். எண்ணெய்த் துணியைத் திறந்த வெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய தகரடப்பாவில் போட்டு மூட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் அன்றே வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். என் மாடியறையிலும் அப்படி ஒரு துணிமூட்டை கிடந்தது.

தூசியைப் பற்றிப் பலரும் கவலைப்படுவதில்லை. மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஈட்டியின் தூள் சிலருக்கு மூச்சிரைப்பையும் தோலில் தடிப்பையும் கொண்டுவரும். மாவும் சேங்கொட்டையின் குடும்பம் என்பதால் அதன் பச்சைப் பால் பட்டால் சிலருக்கு அரிக்கும். சாயம் போட்ட என் தடியை அறுத்தபோது கிளம்பிய தூளை நான் முகமூடி இல்லாமல்தான் முகர்ந்தேன்.

மாலையில் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வதற்கு முன், தோப்புக்காரர் தம் விதியை நினைவூட்டினார்: சந்தனமும் செம்மரமும் இந்த மேசைக்கு வரக்கூடாது, வேறு எந்த மரமாக இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்ற சீட்டு அதோடு இருக்க வேண்டும். செம்மரம் 1995 முதலும், ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 முதலும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளன. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு ஒரு சிறு துண்டை அஞ்சலில் அனுப்ப நினைப்பவரும் முதலில் அனுமதி பற்றி விசாரிக்க வேண்டும். 2022இல் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, நம் மலைக்காடுகளில் விழுந்து கிடக்கும் ஆச்சாக் கிளையைக்கூட எடுத்து வரலாமே என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆசிரியரின் ஆச்சா பென்னாகரத்தில் பிரித்த ஒரு வீட்டின் உத்தரம். அந்தச் சீட்டு துண்டின் பின்புறம் ஒட்டியிருந்தது. நாற்கரச் சாலைக்காக வெட்டப்பட்ட புளியமரங்களின் துண்டுகளும், அவற்றில் பூசணம் வரைந்த கருங்கோடுகளும் அன்று எல்லோராலும் அதிகம் கேட்கப்பட்டவை. கறிக்கடைக் கட்டைக்குத் தவிர வேறு எதற்கும் ஆகாது என்று நான் நினைத்திருந்த மரம் அது.

என்னிடம் கொடுப்பதற்குச் சீட்டுள்ள துண்டு ஒன்றுகூட இல்லை. ஆசாரி என் தடியிலிருந்து அறுத்த துண்டை எடுத்து, ஒரு பக்கத்தை இழைப்புளியால் இழைத்து, "இதையும் பொட்டியில வைங்க" என்று கையில் கொடுத்தார். அதில் இப்போது என் கையெழுத்தில் "மரம் தெரியவில்லை, கறுப்புச் சாயம், 2,800 ரூபாய்" என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தோப்பு மாமரத்தின் மாதிரித் துண்டு இருக்கிறது. வீட்டுக்கு வந்த நாளில் 148 கிராம் இருந்தது. போன ஞாயிறு 111. இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.